மறுநிகழ்த்தல் பிரிவு

ஆதிகுடிப் பெண்கள் சமத்துவ மற்றும் நீதி அணுகல் ஆணையத்தைக் குறை சொல்கிறவர்கள் அதன் கட்டடத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அவ்வளவு வெள்ளையான கட்டடத்துக்குள் அநியாயம் நடக்கும் என்று எவனுக்கும் தோன்றாது. சுள்ளிக்கும் தோன்றவில்லை.

சுள்ளி என்பது பட்டப்பெயர். மர அறுவை ஆலையில் பலகை அடுக்குகிறவள். ஆள் ஒல்லிதான். ஆனால் ஈரம் காயாத பலகைகளை அவள் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள். அவளும் அவள் தங்கச்சியும் மலைச் சனம். ஆலை நிற்கிற இடமே அவர்களுடைய காடு. காட்டை வெட்டியவர்கள், பாவம் இவர்கள் இனி எங்கே போவார்கள் என்று மனம் இரங்கி, வெட்டிய மரத்தைச் சுமக்கிற வேலையை இவர்களுக்கே கொடுத்தார்கள்.

ஆலையில் ஆண்களுக்கு வேலைக்கு நடுவில் ஓய்வு உண்டு. பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துக்கொள்வார்கள் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. ஒருநாள் தங்கச்சி மேஸ்திரியிடம், "ஆம்பளைங்க உட்கார்ற நேரத்துல நாங்களும் கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். பதில் வருவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து ஓங்கி ஒரே போடு. தாடை பிளந்து, பல்லும் ரத்தமும் மரத்தூளில் கொட்டின. மரத்தூள் எதையும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தங்கச்சியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். மேஸ்திரி நாகரிகம் தெரிந்தவர். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், "சீக்கிரம் வீட்டுக்கு வா. மிச்சத்த அங்க வச்சுக்கலாம்" என்றார். அக்காளும் தங்கச்சியும் இருப்பது ஆலைக் குடியிருப்பில். மேஸ்திரியின் வீடும் அதே வரிசையில். இவர்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இன்னும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொன்னபோது, தங்கச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். வாயால் சொல்லவில்லை. கண்ணால் சொன்னாள்.

தங்கச்சி வீட்டுக்கு வருவதற்குள், அந்த ஆள் அவள் பக்கம் வரக்கூடாது என்று ஓர் ஆணை வாங்க வேண்டும். சுள்ளிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போலீஸ் நிலையத்தில் அதிகாரி எழுந்து நின்று மரியாதை செய்தார். "உங்களுக்குன்னு தனியா ஆணையமே இருக்கேம்மா. இந்தப் புகார நாங்க வாங்கினா, உங்க உரிமைய நாங்க மதிக்காத மாதிரி ஆயிடும்" என்றார். மதிக்காமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. வாசல்வரை வந்து தள்ளிவிட்டார்.

மலைப்பெண்கள் சங்கத்து அக்காதான் சுள்ளியை ஆணையத்துக்குக் கூட்டிப் போனாள். அந்த ஆணையம் வேண்டும் என்று மலைப்பெண்களைத் திரட்டிப் பல வருஷம் தெருவில் நின்றவள் அவள். நடு மண்டையில் தையல் தழும்பு, முன்பல் இரண்டு காலி. ஜெயித்த பிறகு அவள் வாங்கிய தழும்புகள் தனிக் கணக்கு.

வாசலில் வரிசை நின்றது. காவலர் தடியோடு வந்து ஒவ்வொருவர் கெண்டைக்காலிலும் இரண்டு போட்டுக்கொண்டே வந்தார். கோபம் எதுவும் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் முகம்.

சுள்ளி துள்ளி நகர்ந்தாள். "ஐயா, எதுக்கு அடிக்கிறீங்க?"

"வரிசையில நிக்கணும்."

"வரிசையிலதானே நிக்கிறோம்?"

"அதனாலதான் கால்ல. நிக்கலன்னா முதுகுல." காவலர் அடுத்த ஆளிடம் போகாமல் நின்று விளக்கினார். "முன்னாடி கூட வர்ற ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு இருந்துச்சும்மா. ஆணையம் உட்கார்ந்து பேசி சமமாக்கிட்டாங்க. இப்ப எல்லாருக்கும் ரெண்டு."

"ஆம்பளைக்குக் குறைச்சிருக்கலாமே?"

"உரிமையக் குறைக்கிற பழக்கம் இங்க இல்ல."

சங்கத்து அக்கா காலைத் தேய்த்துக்கொண்டே, "நாங்க கேட்ட சமத்துவம் இது இல்லடி. மனுவுல இன்னும் கொஞ்சம் விளக்கமா எழுதியிருக்கணும்" என்றாள்.

வாசலைத் தாண்டினால் சாய்தளம். முன்பு அங்கே படிக்கட்டு இருந்தது. மலைப்பெண்களுக்குப் படியேறி வரச் சிரமமாக இருக்கும் என்று ஒரு நிபுணர் குழு, மலைப்பக்கம் போகாமலேயே கண்டுபிடித்தது. உடனே படிகளை இடித்து, பளிங்கில் வழவழவென்று சாய்தளம் போட்டார்கள். 'நீதியை எளிதில் அணுகலாம்' என்று மேலே எழுதி, தினமும் காலையில் எண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அங்கே பழமொழி இல்லை, நடைமுறை. சுள்ளியின் கண்முன்னே தலைக்கட்டோடு ஏறிய ஒருத்தி, உச்சிவரை போய், கைப்பிடி இல்லாமல் தடுமாறி, உருண்டு கீழே வந்தாள். கட்டுப் போட்டிருந்த தலை பளிங்கில் மோதிய சத்தம் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் ஆணையத்தைச் சும்மா சொல்லக்கூடாது. கீழே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. இரண்டு பேர் அவளை ஏற்ற, மூன்றாமவர் ரத்தத்தைத் துடைத்து மறுபடி எண்ணெய் போட்டார். சுள்ளியும் அக்காவும் செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு காலில் தவழ்ந்து மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

உள்ளே விசாரணைக் கூடம். சுவரோரம் காத்திருக்கிற பெண்கள். மேடையில் தலைவி அம்மாள். வெள்ளைப் புடவை, தங்க விளிம்புக் கண்ணாடி. எவள் அழுதாலும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொள்கிற இளகிய மனம்.

சுள்ளி கைகூப்பி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தலைவி கையை உயர்த்தித் தடுத்தார்.

"அடிபட்டது நீங்களா?"

"இல்லைங்கம்மா, என் தங்கச்சி."

"அப்ப அவங்கதான் பேசணும். காலங்காலமா மலைப்பெண்ணுக்காக வேற யாரோ பேசிட்டாங்க. அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டத்தான் நாங்க வந்திருக்கோம். இங்க அவங்கவங்க சொந்தக் குரல்லதான் பேசணும்."

"அவளுக்குத் தாடை உடைஞ்சிருச்சுங்க. பேச முடியாது."

"பாத்தீங்களா, அவங்க குரலப் பறிச்சுட்டாங்க!" தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் நீங்க பறிக்காதீங்க."

சங்கத்து அக்கா எழுந்தாள். "அப்ப வாய் இருக்கிறவ அடிபட்டிருக்கக் கூடாது, அடிபட்டவளுக்கு வாய் இருக்காது. யாருதான் புகார் சொல்றது?"

"அதுக்கு வழி இருக்கு. மறுநிகழ்த்தல் பிரிவு" என்றார் தலைவி பெருமையோடு. "மத்த இடங்கள்ல பெண்களோட வலிய வெறும் பேப்பர்ல படிக்கிறாங்க. நாங்க கண்ணால பார்க்கிறோம். சம்பவத்த இங்கேயே திரும்ப நடத்திப் பார்த்து, காயம் பொருந்துதான்னு சரிபார்ப்போம். தங்கச்சிக்குப் பதிலா நீங்க பேசக்கூடாது. ஆனா தங்கச்சிக்குப் பதிலா நீங்க அடி வாங்கலாம்."

சுள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததெல்லாம், இதற்குத் தலையாட்டினால் ஆணை கிடைக்கும் என்பது மட்டும். தலையாட்டினாள்.

மறுநிகழ்த்துநர் பக்கத்து அறையிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் பேனா. பெண்களை அடிப்பது அவருக்கு அரசாங்க உத்தியோகம். பரீட்சை எழுதி வந்தவர்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றார் தணிந்த குரலில். "வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"இடது."

"சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல மயக்கம் வரும்."

அலுவலகப் பலகையை எடுத்து, கால்களை அகற்றி வைத்து, மூச்சை இழுத்து அடித்தார். சுள்ளி பக்கவாட்டில் போய் விழுந்தாள். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கின்மேல் கழன்று கிடந்தது. அதைக் கையில் துப்பிக்கொண்டு எழுந்தாள். ரத்தம் தாடையில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. சுவரோரப் பெண்களில் ஒருத்தி ஓவென்று அழ, தலைவியும் அழுதார். அழுது முடித்ததும் குனிந்து பார்த்தார்.

"தாடை உடையலையே."

"இல்லைங்க மேடம்" என்றார் மறுநிகழ்த்துநர், குற்றவுணர்ச்சியோடு.

"அப்ப அந்த அடிக்குத் தாடை உடையாது. புகார் மிகையானது."

சங்கத்து அக்கா மேடையை நோக்கிப் பாய்ந்தாள். "இவரு கிளார்க்கு! அவன் மரம் தூக்கி வளர்ந்தவன்! ரெண்டு பேரு கையும் ஒண்ணா?"

இதை மறுநிகழ்த்துநரே ஒப்புக்கொண்டார். "அந்தக் கை வாகு எனக்கு வராது மேடம். காலையிலேருந்து வேற தோள்பட்டை வலி."

தலைவி யோசித்தார். இந்த ஆணையம் பிடிவாதம் பிடிக்காது என்பதுதான் அதன் அழகு. யாரிடம் அந்தக் கை வாகு இருக்கிறதோ அவரையே வரவழைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆலைக்கு வண்டி போயிற்று.

மேஸ்திரி குளித்து, தலை வாரி, இஸ்திரிச் சட்டையோடு வந்து இறங்கினார். அவருக்கு முதுகு சாயும் நாற்காலி போட்டார்கள். "குற்றவாளிங்கிற வார்த்தையே எங்ககிட்ட கிடையாது. சம்பவத்துல அனுபவம் உள்ளவர்னு சொல்வோம்" என்று தலைவி அறிமுகப்படுத்தினார். அனுபவம் உள்ளவர் தன் பலகையைத் தானே கொண்டு வந்திருந்தார். ஆணையத்தின் பலகையைத் தட்டிப் பார்த்து, "இது உளுத்துப் போச்சும்மா, இதுல என்ன வரும்?" என்று சிரித்தார்.

அப்புறம் கூடத்தின் நடுவில் வந்து பாடம் நடத்தினார். "சாரு கை பலத்துல மட்டும் அடிச்சிருப்பாரு. அப்பிடி அடிக்கக்கூடாது. இடுப்பத் திருப்பணும். அன்னிக்கு அவ உட்கார்ந்திருந்தா, நான் மேலேருந்து இறக்கினேன். அந்த வேகம் இருந்தாத்தான் தாடை போகும். சத்தமே வேற மாதிரி வரும்."

"ஒத்துக்கிட்டான்!" என்று அக்கா கத்தினாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல? அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

"நிபுணர் கருத்து வாக்குமூலம் ஆகாது" என்றார் தலைவி. "உட்காருங்க. செய்முறை நடக்கட்டும்."

சுள்ளியைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். மேஸ்திரி அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து, "அக்காளும் ருசி பாரு" என்றார். பலகை காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கடைசி நொடியில் அவள் தலை தானாகத் திரும்பியது. தாடைக்கு வந்தது காதில் இறங்கியது. கூடம் முழுக்க ஒரு வெடிச்சத்தம், பிறகு அவளுடைய இடது பக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை. அந்தப் பக்கத்து உலகத்தை யாரோ அணைத்துவிட்டார்கள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி வந்தது. கூடத்தில் இரண்டொரு அதிகாரிகள் கைதட்டியது வலது காதில் மட்டும் கேட்டது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அந்த நிமிஷம்வரை சுள்ளி பயந்துகொண்டுதான் இருந்தாள். எழுந்து நின்றபோது பயம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தங்கச்சி இதைத்தான் வாங்கினாள் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

தலைவி திருப்தியாகப் பேனாவை எடுத்தார். "வித்தியாசம் தெரியுது. ஆனா ஒரு தரப்ப மட்டும் பார்த்து நாங்க முடிவு சொல்றதில்ல. எல்லா நிலையிலும் இரு தரப்புக்கும் சம வாய்ப்பு. அது எங்க உயிர் மூச்சு. மேஸ்திரி ஏதாவது பேச விரும்பினா..."

"அவருக்குப் பேசவும் வாய்ப்பு, அடிக்கவும் வாய்ப்பா?" சங்கத்து அக்கா குறுக்கே வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "அந்த சம வாய்ப்பு விதியப் போட வச்சதே எங்க சங்கம்தாங்கம்மா. என் மண்டை உடைஞ்சு வந்த விதி அது. அவரு கையில பலகை குடுத்தீங்க. இவ கையிலயும் குடுக்கணும். எல்லா நிலையிலும்னுதானே போட்டிருக்கு?"

தலைவி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா விதியைப் பார்த்தார். விதி அப்படித்தான் இருந்தது. உயிர் மூச்சை ஒரு நிமிஷம் பிடித்து வைக்கலாமா என்று தலைவி யோசித்திருக்கலாம். ஆனால் அதற்குள் மறுநிகழ்த்துநர் மேஸ்திரியின் பலகையை வாங்கி, துடைத்து, சுள்ளியிடம் நீட்டிவிட்டார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்கம்மா. இடுப்பத் திருப்பணும்னு சொன்னாரு" என்றார். பல வருஷ உத்தியோகத்தில் அவர் முகத்தில் அப்படியொரு ஆர்வத்தை யாரும் பார்த்ததில்லை.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்திருந்தார். "இந்தச் சுள்ளிக் குச்சி என்னத்த..." என்பதுவரை சொன்னார். அதுதான் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த கடைசிப் பேச்சு. நாள் முழுக்கப் பலகை தூக்குகிற இரண்டு கைகள் ஒரே அடிதான் அடித்தன. சத்தம் வேற மாதிரி வரும் என்று அவர் சொன்னது உண்மைதான், வந்தது. நாற்காலியோடு மல்லாந்து, வாயைப் பிடித்துக்கொண்டு, அறுபடுகிற ஈர மரம் மாதிரி ஒரு ஒலி எழுப்பினார். மூன்று பல் மேடைவரை உருண்டு போயிற்று. ஒரு துளி ரத்தம் தலைவியின் வெள்ளைப் புடவையில் பட்டது.

அதற்கப்புறம் ஆணையம் காட்டிய வேகத்தை நான் பாராட்டாமல் இருக்க முடியாது. தாடை உடைந்தது கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது. பாதிக்கப்பட்டவர் நேரில் இருக்கிறார். தலைவி முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றாமலேயே அழுதார். தேநீர் ஆறுவதற்குள் ஆணை தயாராகிவிட்டது. ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து வெளியிட்ட முதல் பாதுகாப்பு ஆணை அதுதான். குமாஸ்தா எழுந்து வாசித்தார். சுள்ளி மனுவில் எந்த வார்த்தைகளில் கேட்டிருந்தாளோ அதே வார்த்தைகள், ஆள் மட்டும் மாறியிருந்தது. சுள்ளியும் அவள் தங்கச்சியும் மேஸ்திரியின் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் சிறை.

"இவளையும் இப்பவே உள்ள தள்ளணும்" என்று ஓர் அதிகாரி கத்தினார்.

"செய்முறைக்குச் சிறை உண்டுன்னா, முதல்ல செஞ்சவருக்கும் உண்டுல்ல?" என்றாள் அக்கா. அதிகாரி உட்கார்ந்துகொண்டார்.

சுள்ளி பலகையை இன்னும் கீழே வைக்கவில்லை. வலது காதைத் திருப்பிக் கேட்டாள். "அம்மா, நாங்க அவரு பக்கம் போகல. அவருதான் எங்க வீட்டுக்கு வர்றேன்னாரு. அவரு வந்தா?"

"அவர் எங்க வேணா போகலாம். அது அவர் நடமாடும் உரிமை. அவர் வந்தா நீங்க விலகிப் போயிடணும்."

"நாங்க தூங்கிட்டு இருப்போம். எனக்கு ஒரு காது போச்சு. அவரு வர்றது தெரியாம நாங்க அங்கயே இருந்துட்டா, உங்க ஆணையை மீறின மாதிரி ஆயிடுமே? முதல் ஆணைங்கிறீங்க. முதல் நாளே மீறினா உங்களுக்குத்தானே அவமானம்?"

இது தலைவியின் மனதில் தைத்தது. பெண்களுக்கு என்ன நடந்தாலும் தாங்கிக்கொள்ளலாம், ஆணைக்கு ஒன்று நடந்தால் தாங்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று ஒரு குட்டிச் சொற்பொழிவு செய்தார். ஆணை நிலைத்திருக்க வேண்டுமானால், மேஸ்திரி வருகிறார் என்பது மலைப்பெண்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அரைமணி நேரம் விவாதித்து, கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி, மாட்டுக்குக் கட்டுகிற பெரிய மணி ஒன்று வாங்கி வரச் செய்தார்கள். மேஸ்திரியின் பாதுகாப்புக்காக, மேஸ்திரியின் கழுத்தில், ஆணையத்தின் முத்திரையோடு கட்டினார்கள். அவிழ்த்தால் அவருக்கும் சிறை.

மேஸ்திரி இரண்டு கையையும் ஆட்டி எதையோ சொல்ல முயன்றார். கூட வந்திருந்த அவருடைய மைத்துனன் எழுந்து, "அவரு என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தான்.

"உட்காருங்க" என்றார் தலைவி கண்டிப்பாக. "இங்க அவங்கவங்க சொந்தக் குரல்லதான் பேசணும்."

மேஸ்திரி வேகமாகத் தலையை ஆட்டினார். மணி கணகணவென்று அடித்தது. நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு சபை கலைந்தது.

இரண்டு நாளில் தங்கச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அவள் சுவரில் சாய்ந்து கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சுள்ளி ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு பாத்திரம் கழுவினாள். திடீரென்று தங்கச்சி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சுள்ளிக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பியதும் கேட்டது. தெருக்கோடியில் மணிச்சத்தம். நிதானமாக, ஒவ்வொரு அடியாக, இந்த வீட்டை நோக்கித்தான் வந்தது. ஆலை வேலை முடிந்து ஆண்கள் பேசிக்கொண்டிருந்த தெரு சட்டென்று அமைதியாயிற்று.

விலகிப் போயிருக்க வேண்டும். சட்டம் அதுதான். ஆனால் அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல், சத்தம் வருவதும் அந்தப் பக்கம். சுள்ளி எழுந்து நிற்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீடு. எதிர்வீடு. பலகை அடுக்குகிற பெண்கள், மரத்தூள் அள்ளுகிற பெண்கள், ஈரக் கூந்தலோடும் இடுப்புப் பிள்ளையோடும் வெளியே வந்து நின்றார்கள். அவர்களில் யாருக்கும் மேஸ்திரியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று ஆணை கிடையாது. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பலகை.

யாரும் திட்டவில்லை, கத்தவில்லை. ஒருத்தி மட்டும், "வாங்க மேஸ்திரி. இடுப்பத் திருப்பணுமாமே, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

மணி நின்றது. பிறகு ஒரு தடவை கிணிங் என்றது. ஆள் திரும்பிவிட்டான். அடுத்து வந்த சத்தம் நடக்கிற மணியின் சத்தம் இல்லை. ஓடுகிற மாட்டின் கழுத்தில் அடிக்கிற சத்தம். குடியிருப்பைத் தாண்டி, ஆலையைத் தாண்டி, பெரிய ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

தங்கச்சியின் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்து சுள்ளி கட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை. கம்பிக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் தையல் விட்டு ரத்தம் கசிந்தது.

"சிரிக்காதடி பாவி, தையல் பிரியுது பாரு" என்று சுள்ளி முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தாள். அவளுக்கும் சிரிப்பு முட்டி, அடிபட்ட உதடு வெடித்துத் திறந்துகொண்டது. இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.